சாமியாரை எப்போது கூப்பிடுவது?

தாத்தா மருத்துவமனையில் கிடந்த ஐந்தாம் நாள், பங்குச்சாமியாரை அழைத்து வரட்டுமா என்று கேட்டேன். பெரியம்மா என் கையைப் பிடித்து வராந்தாவுக்கு இழுத்து வந்தார். "உனக்குப் புத்தி கெட்டுவிட்டதா? வெள்ளை அங்கியைப் பார்த்ததுமே அப்பாவுக்குப் பாதி உயிர் போய்விடும். கடைசியில் பார்த்துக்கொள்ளலாம்" என்றார்.

அந்தக் கடைசி மறுநாள் விடியற்காலை நாலரை மணிக்கு வந்தது. சாமியார் வந்து சேர்ந்தபோது மருத்துவர் கையெழுத்துப் போட்டு ஒரு மணி நேரம் ஆகியிருந்தது. செவிலியர் குழாய்களைக் கழற்றிச் சுருட்டிக்கொண்டிருந்தார். சாமியார் எடுத்த எண்ணெய்ச் சிமிழை மறுபடி பைக்குள் வைத்துவிட்டு, இறந்தோருக்கான செபத்தைத் தொடங்கினார். "எண்ணெய் பூசாமலே போய்விட்டாரே" என்று எல்லோரையும்விடச் சத்தமாக அழுதவர் பெரியம்மாதான்.

அவரை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. பெரும்பாலான கத்தோலிக்க வீடுகளில் இந்தப் பயம் இருக்கிறது. நோயாளிக்குக் குரு எண்ணெய் பூசிச் செபிக்கும் அந்தச் சடங்கின் பழைய பெயரே அப்படி: அவஸ்தைப்பூசுதல். பழைய ஞானோபதேசத் தமிழில், அதாவது மறைக்கல்வித் தமிழில், அவஸ்தை என்றால் மரண வேதனை. இன்று அதிகாரபூர்வப் பெயர் நோயில்பூசுதல். பெயர்தான் மாறியது, வராந்தாப் பேச்சு மாறவில்லை.

இந்தக் குழப்பம் எண்ணெயோடு நிற்பதில்லை. மோட்சம், உத்தரிக்கும் தலம், தீர்வை, நல்ல சாவு என்று நாம் தினமும் புழங்கும் சொற்கள் பலவற்றுக்கும் திருச்சபை சொல்லும் பொருள் ஒன்று, நம் வீட்டில் ஓடும் பொருள் வேறொன்று. சாவுக்குத் தயாராவது என்று கத்தோலிக்க மரபு எதைச் சொல்கிறது என்பதை அடியிலிருந்து பார்க்கலாம். கத்தோலிக்கர் அல்லாதவருக்கும் புரியும்படியே எழுத முயல்கிறேன்.

நல்ல சாவு என்பது எது

"ராத்திரி சாப்பிட்டுப் படுத்தார், காலையில் எழுந்திருக்கவில்லை. கொடுத்துவைத்த மனிதர்." துக்க வீட்டுப் பந்தலில் இதைக் கேட்காதவர் யார்? வலி தெரியாமல், யாருக்கும் பாரமில்லாமல், தனக்கே தெரியாமல் போய்விடுவதுதான் இன்று நம் கணக்கில் நல்ல சாவு.

திருச்சபையின் பழைய மன்றாட்டு மாலையோ, எதிர்பாராத திடீர் மரணத்திலிருந்து எங்களைக் காத்தருளும் என்று கேட்கிறது. நாம் வரமாக நினைப்பதை அது ஆபத்தாக நினைத்திருக்கிறது. வேதனைப்பட்டுச் சாகவேண்டும் என்ற ஆசை அதில் இல்லை. மன்னிப்புக் கேட்கவும், கொடுக்கவும், விடைபெறவும் அவகாசம் வேண்டும் என்பதுதான் வேண்டுதல். பழைய செபப் புத்தகங்கள் இதையே பாக்கியமான மரணம், நல்மரணம் என்கின்றன. இயேசுவும் மரியாளும் பக்கத்தில் இருக்க உயிர்விட்டார் என்ற மரபின்படி, இயேசுவின் வளர்ப்புத் தந்தை புனித சூசையப்பர் நல்மரணத்துக்குப் பாதுகாவலர். சாகக் கிடப்பவரின் காதில் "இயேசு, மரி, சூசை" என்று மெல்லச் சொல்லும் வழக்கம் அதிலிருந்து வந்தது.

வலியைப் பற்றி ஒன்று. நோயாளி வலியைத் தாங்கியே ஆகவேண்டும், வலிநிவாரணி விசுவாசக் குறைவு என்று யாராவது சொன்னால் நம்பவேண்டாம். 1992இல் வெளிவந்த கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூல் வலி குறைக்கும் சிகிச்சையைப் பாராட்டியே பேசுகிறது. பலன் தராமல் உடலை வதைக்கும் மிதமிஞ்சிய சிகிச்சையை நிறுத்திக்கொள்ளவும் அனுமதிக்கிறது. உயிரை வேண்டுமென்றே போக்குவதைத்தான் தடுக்கிறது.

விளக்கும் சிமினியும்

எங்கள் ஊருக்கு மின்சாரம் ஒழுங்காக வராத காலத்தில் வீட்டுக்கு இரண்டு அரிக்கேன் விளக்குகள் இருந்தன. சாயங்காலம் பாட்டி சிமினியைக் கழற்றி, சாம்பலைத் தொட்டுத் துணியால் துடைப்பார். சிமினியில் கரி படிந்திருந்தால் வெளிச்சம் மங்கும், விளக்கு எரிந்துகொண்டுதான் இருக்கும். திரி அணைந்துபோனால் சிமினி எத்தனை பளபளப்பாக இருந்தும் பயனில்லை.

கத்தோலிக்கப் போதனையின் நடு முடிச்சு இதுதான். மனிதருக்குள் கடவுளின் உயிரே குடியிருக்கும் நிலைக்குப் பழைய தமிழில் தேவ இஷ்டப்பிரசாதம் என்று பெயர், இன்று அருள்நிலை என்கிறோம். இதுதான் சுடர். முதலில் ஏற்றப்படுவது ஞானஸ்நானத்தில். கனமான காரியத்தில், முழு அறிவோடும் முழுச் சம்மதத்தோடும் கடவுளுக்குப் புறமுதுகு காட்டினால் சுடர் அணைகிறது. அது சாவான பாவம். அன்றாடச் சிடுசிடுப்பு, சின்னப் பொய், சோம்பல், புறணி போன்றவை கரி. அவை அற்பப் பாவம். பெயர்தான் அற்பம். துடைக்காமல் விட்ட சிமினியைப் பார்த்தவருக்கு அது எப்படிப் படியும் என்று தெரியும்.

அணைந்த சுடரை மறுபடி ஏற்றும் வழக்கமான வழி பாவசங்கீர்த்தனம், அதாவது குருவிடம் பாவங்களை அறிக்கையிட்டு மன்னிப்புப் பெறுவது. இதன் இன்றைய பெயர் ஒப்புரவு அருட்சாதனம். அருட்சாதனம் என்பது, தண்ணீர், எண்ணெய், அப்பம், சொல் போன்ற புலனுக்கு எட்டும் அடையாளத்தின் வழியாகக் கடவுள் அருள் தரும் சடங்கு. மொத்தம் ஏழு.

சுருக்கமாக: சாகும்போது விளக்கு எரிகிறதா என்பது ஒரு கேள்வி, சிமினி எப்படி இருக்கிறது என்பது வேறு கேள்வி. இந்த இரண்டையும் கலந்துவிடுவதில்தான் மீதிக் குழப்பங்கள் எல்லாம் முளைக்கின்றன.

சித்திரகுப்தன் கணக்கு

ஞாயிறு தவறாமல் பூசை காண்கிற கத்தோலிக்கரிடமும் தீர்வை என்றால் என்ன என்று கேட்டுப்பாருங்கள். ஒரு பக்கம் புண்ணியம், ஒரு பக்கம் பாவம், கூட்டிக் கழித்து மிச்சத்தைப் பொறுத்துத் தீர்ப்பு என்பார். இது சித்திரகுப்தன் பேரேடு. தமிழ் மண்ணில் பிறந்தவர் மனத்தில் அது வந்து உட்காருவது இயல்புதான், ஆனால் திருச்சபை சொல்வது அதுவன்று.

உயிர் பிரிந்த கணமே ஒவ்வொருவருக்கும் நடப்பது தனித்தீர்வை. உலக முடிவில் உயிர்த்தெழுந்த உடலோடு எல்லோரும் நிற்பது பொதுத்தீர்வை. தனித்தீர்வையில் வெளிப்படுவது, அந்த மனிதர் கடைசியில் எந்தப் பக்கம் திரும்பி நின்றார் என்பது. ஸ்பெயின் நாட்டுத் துறவி சிலுவை யோவான், வாழ்வின் அந்திப்பொழுதில் அன்பைக் குறித்தே தீர்ப்பிடப்படுவோம் என்றார். சாவுக்குப் பின் மனம் திரும்ப இன்னொரு பிறவியும் கிடையாது என்பது கத்தோலிக்கப் போதனை.

அப்படியானால் அறுபது வருடம் நல்லவராக வாழ்ந்து கடைசி நாளில் தடுக்கி விழுந்தால் எல்லாம் போச்சா என்று கேட்பார்கள். அன்பு தடுக்கிவிழுகிற பொருளன்று. அறுபது வருடம் ஒரு திசையில் நடந்த கால், கடைசி அடியையும் அந்தத் திசையில்தான் பெரும்பாலும் எடுத்து வைக்கும். மரபு அஞ்சுவது இதன் மறுபக்கத்தை: அறுபது வருடம் எதிர்த்திசையில் நடந்துவிட்டு, கடைசி அடியை மட்டும் மாற்றி வைத்துக்கொள்ளலாம் என்று கணக்குப் போடுவதை. இயேசுவோடு சிலுவையில் தொங்கிய நல்ல கள்ளன் அப்படி மாற்றி வைத்தவன்தான். அவன் அதைத் திட்டமிட்டுச் செய்யவில்லை.

நரகம் என்பது இந்தத் திரும்பலை முடிவாக மறுத்து, தன்னைத் தானே வெளியே நிறுத்திக்கொள்ளும் நிலை. எத்தனையோ பேரைப் புனிதர் என்று அறிவித்த திருச்சபை, இன்னார் நரகத்தில் இருக்கிறார் என்று ஒருவரையும் பெயர் சொல்லி அறிவித்ததில்லை. நம் தெருவில் அதைச் சுலபமாக அறிவித்துவிடுகிறோம்.

மோட்சத்துக்கு டிக்கெட் உண்டா

மோட்சத்தை இடமாகவே கற்பனை செய்து பழகிவிட்டோம். மேகம், தங்கத் தெரு, வாசலில் சாவியோடு இராயப்பர் (பேதுரு). இடம் என்று வைத்துவிட்டால் அடுத்து டிக்கெட் வரும், டிக்கெட் என்றால் விலை வரும். "இத்தனை செபமாலை சொன்னால் கிடைக்குமா?" என்ற கேள்வி அங்கிருந்துதான் கிளம்புகிறது.

1999 ஜூலையில் வாரந்தோறும் நடக்கும் பொது உரையில் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் இதை எளிதாகச் சொன்னார்: விண்ணகம் வெறும் கருத்தும் அன்று, மேகங்களுக்கு நடுவே இருக்கும் இடமும் அன்று, மூவொரு கடவுளோடு உயிருள்ள உறவு. கடவுளை நேருக்கு நேர் காண்பதைப் பேரின்பக் காட்சி என்கிறது இறையியல்.

ஒரு கச்சேரியை நினைத்துக்கொள்ளுங்கள். முதல் வரிசை டிக்கெட் யாரோ இலவசமாகக் கொடுக்கிறார்கள். காது பழகியவர் ஒரு சங்கதிக்கு உருகுகிறார். பக்கத்து நாற்காலிக்காரர் எப்போது மங்களம் பாடுவார்கள் என்று கைக்கடிகாரத்தைப் பார்க்கிறார். இருவருக்கும் ஒரே அரங்கம், ஒரே பாட்டு. மோட்சத்துக்குத் தயாராவது இந்தக் காதுப் பழக்கத்தைப் போன்றது. டிக்கெட் முழுக்கக் கொடை, யாரும் சம்பாதிப்பதில்லை. கொடுக்கப்பட்டதை அனுபவிக்கும் திறன் நம் வாழ்நாளில், அருளின் துணையோடு வளர்கிறது. செபமாலை சொல்வது அந்தச் சாதகம்.

பின்னாளில் துறவியாகிப் புனிதரான, பிரான்சின் லிசியே நகரத்துச் சிறுமலர் தெரேசாவுக்குச் சின்ன வயதில் ஒரு சந்தேகம்: மோட்சத்தில் எல்லோருக்கும் ஒரே அளவு மகிமை இல்லையென்றால் குறைவாகக் கிடைத்தவர் வருந்தமாட்டாரா? அக்கா ஒரு பெரிய டம்ளரையும், தையலுக்கு விரலில் மாட்டும் சின்ன உறையையும் எடுத்து வந்து இரண்டிலும் வழிய வழியத் தண்ணீர் ஊற்றினார். எது அதிகம் நிறைந்திருக்கிறது, சொல் பார்க்கலாம் என்றார்.

உத்தரிக்கும் தலம்

கத்தோலிக்கர் அல்லாதவரிடம் விளக்கத் தடுமாறுவதும், கத்தோலிக்கரே தப்பாகப் புரிந்துகொள்வதும் இதைத்தான். பலர் மனத்தில் இது சின்ன நரகம். அல்லது பாஸும் இல்லாமல் ஃபெயிலும் இல்லாமல் இருப்பவர்களை நிறுத்தி வைத்து, பிறகு மேலேயா கீழேயா என்று முடிவு செய்யும் இடம்.

இரண்டும் பிழை. சுடர் எரிந்துகொண்டே போனவர்கள்தாம் இங்கே வருகிறார்கள். அவர்கள் மோட்சம் சேர்வது உறுதி. கீழே போகும் வாசலே இதற்குக் கிடையாது. சிமினியில் மிச்சமிருக்கும் கரி மட்டும் துடைக்கப்படுகிறது.

பாவம் மன்னிக்கப்பட்ட பிறகு எதைத் துடைப்பது? பாட்டிக்குக் கண்புரை அறுவை செய்த வாரத்தைச் சொல்கிறேன். அறுவை நல்லபடியாக முடிந்தது, பார்வை திரும்பிவிட்டது. ஆனால் கட்டுப் பிரித்ததும் பாட்டி முகத்தைத் திருப்பிக்கொண்டார். பத்து வருடம் மங்கலுக்குப் பழகிய கண்ணுக்குச் சன்னல் வெளிச்சம் சுரீர் என்றது. யாரும் அவரைத் தண்டிக்கவில்லை. பார்க்க ஆசைப்பட்ட வெளிச்சம்தான் கூசியது. கறுப்புக் கண்ணாடியோடு சில நாள் இருந்து மெல்ல மெல்லப் பழகினார். மன்னிப்பு என்பது அறுவை. பழைய ஒட்டுதல்களும் கோணல்களும் நிமிர்வது அதன் பிறகான வேலை. அதை இந்த உலகிலேயே தவம், பொறுமை, தானம் என்று செய்து முடிக்கலாம். முடியாத மிச்சம் அங்கே நடக்கிறது.

ஜெனோவா நகரத்துப் புனித கத்தரீன் (1447–1510), உத்தரிக்கும் ஆன்மாக்களின் மகிழ்ச்சிக்கு இணையாகச் சொல்ல மோட்ச மகிழ்ச்சி ஒன்றுதான் உண்டு என்றார். கூடவே பெரும் வேதனையும் இருக்கிறது என்றார். பாட்டியின் அந்த முகத்தைப் பார்த்திராவிட்டால் இந்த இரண்டும் எப்படிச் சேரும் என்று எனக்குப் புரிந்திருக்காது. திருத்தந்தை பதினாறாம் பெனடிக்ட் 2007இல் எழுதிய சுற்றுமடலில், நம்மைச் சுட்டுத் தூய்மையாக்கும் நெருப்பு கிறிஸ்துவையே எதிர்கொள்வதுதான் என்று இன்றைய இறையியலாளர் சிலர் கருதுவதை எடுத்துச் சொல்கிறார். எத்தனை வருடம் என்று நம் நாள்காட்டியால் அளக்க முடியாது என்பதும் அதே மடலில் இருக்கிறது.

இதுவரை வந்தது: மோட்சம் கடவுளோடு உறவு. நரகம் அதை மறுப்பது. உத்தரிக்கும் தலம் அந்த உறவுக்குள் முழுதாக நுழையும்முன் நடக்கும் தூய்மை. இனி எண்ணெய்ச் சிமிழுக்கு வருவோம்.

சிமிழுக்குள் இருக்கும் எண்ணெய்

கட்டைவிரல் அளவு உலோகச் சிமிழ், திருகு மூடி, உள்ளே எண்ணெயில் ஊறிய பஞ்சு. பெரிய வாரத்தில் ஆயர் மந்திரித்த ஒலிவ எண்ணெய் அது. ஒலிவ எண்ணெய் கிடைக்காத இடத்தில் வேறு தாவர எண்ணெயும் ஆகலாம் என்று 1972இல் திருத்தந்தை ஆறாம் பவுல் அனுமதித்தார்.

இதன் வேர் விவிலியத்தில் யாக்கோபு எழுதிய திருமுகத்தில் (5:14) இருக்கிறது: உங்களுள் யாராவது நோயுற்றால் திருச்சபையின் மூப்பர்களை அழைக்கட்டும், அவர்கள் எண்ணெய் பூசிச் செபிக்கட்டும் என்கிறது. நோயுற்றால் என்று இருக்கிறது, செத்துக்கொண்டிருந்தால் என்று இல்லை. அழைக்கவேண்டியவரும் நோயாளியே. அப்படியென்றால் அவர் நினைவோடு இருக்கிறார்.

பிறகு எப்படி இது கடைசி மணி ஆயிற்று? இடைக்காலத்தில் இது மரணப்படுக்கைப் பாவமன்னிப்போடு சேர்ந்துகொண்டே போய், கடைசிப் பூசுதல் என்ற பெயரே நிலைத்துவிட்டது. மரணத்தின் விளிம்பில் இருக்கும் வரை காத்திருப்பது வழக்கமானது. உலக ஆயர்கள் கூடிய இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963இல் வழிபாட்டைக் குறித்த ஏட்டில், இது சாகும் தறுவாயில் இருப்பவர்களுக்கு மட்டுமான அருட்சாதனம் அன்று, இதை நோயில்பூசுதல் என்று சொல்வதே பொருத்தம் என்று தெளிவாக்கியது.

பழைய வழக்கத்தின் கோளாற்றைச் சிறுமலர் தெரேசாவின் படுக்கையருகே பார்க்கலாம். 1897 ஜூலையில் காசநோய் முற்றி அவர் இரத்தம் கக்கிக்கொண்டிருந்தார். பூசுதலுக்காக வந்த குரு, அவர் எழுந்து உட்கார்ந்து முகம் மலர வரவேற்றதைப் பார்த்துவிட்டு, இவருக்கு இன்னும் நேரம் வரவில்லை என்று திரும்பிப் போய்விட்டார். எனக்கு இந்தத் தொழில் தெரியவில்லை, நோயாளி மாதிரி நடந்துகொள்ளத் தெரியவில்லை என்று தெரேசா பிறகு கேலி பேசினாராம். ஜூலை 30இல்தான் பூசுதல் கிடைத்தது. அதன்பிறகு இரண்டு மாதம் உயிரோடு இருந்து, செப்டம்பர் 30இல் தமது 24ஆம் வயதில் இறந்தார். எண்ணெய் பூசினால் உடனே உயிர் போய்விடும் என்று நம்புகிறவர்களுக்கு இந்த இரண்டு தேதிகளையும் சொல்லலாம்.

என்ன செய்கிறது இந்தப் பூசுதல்? நோய் ஒரு மனிதரைத் தனியாக்குகிறது. படுக்கையில் கிடப்பவருக்குப் பயம், எரிச்சல், கடவுள் கைவிட்டுவிட்டார் என்ற எண்ணம் எல்லாம் வரும். அந்த நேரத்துக்கான துணிவும் அமைதியும் தருவது முதல் வேலை. அவருடைய வேதனையைக் கிறிஸ்துவின் பாடுகளோடு சேர்க்கிறது. பாவசங்கீர்த்தனம் செய்யமுடியாத நிலையில் இருந்தால் பாவமன்னிப்பும் தருகிறது. ஆன்ம நலத்துக்கு ஏற்றதானால் உடல் நலமும் திரும்பலாம். சாவு வந்தால், அதற்கான கடைசித் தெம்பும் இதுவே.

பெரிய நோய் என்று தெரிந்த உடனே, கடுமையான அறுவைக்கு முன், முதுமையில் உடல் தளர்ந்த பிறகு என எப்போதும் கேட்கலாம். சளி, காய்ச்சலுக்கு வேண்டாம். குணமாகி மறுபடி நோயில் விழுந்தாலோ, அதே நோய் முற்றினாலோ திரும்பவும் பெறலாம். குருவும் ஆயரும் மட்டுமே தரமுடியும். இறந்தவருக்குப் பூசுவதில்லை. உயிர் இருக்கிறதா என்று சந்தேகம் என்றால் பூசலாம். தாமதமாக அழைத்துவிட்டு, பூசவில்லை என்று சாமியாரிடம் சண்டைக்குப் போவதைப் பல வீடுகளில் பார்த்திருக்கிறேன். எங்கள் வீடும் அதில் ஒன்று.

வழிக்குக் கட்டுச்சோறு

உண்மையில் கடைசி அருட்சாதனம் என்று ஒன்று உண்டு. அது எண்ணெய் அன்று, பூசையில் கொடுக்கும் நற்கருணை அப்பம். தமிழ்க் கத்தோலிக்கர் நன்மை வாங்குதல் என்று சொல்லும் அதே அப்பம், சாகப் போகிறவருக்குக் கொடுக்கும்போது வழியுணவு ஆகிறது. லத்தீனில் இதன் பெயரே பயணத்துக்கு எடுத்துச் செல்லும் சாப்பாடு, செலவுக்காசு என்ற பொருளில் வந்தது. நம் ஊர்ச் சொல்லில் கட்டுச்சோறு. ராத்திரிப் பஸ் ஏறுகிறவர் கையில் அம்மா திணிக்கும் புளிசோற்றுப் பொட்டலம் போல. வழியில் பசிக்கும் என்று அறிந்தவர் கொடுப்பது.

முறை இப்படி: முதலில் பாவசங்கீர்த்தனம், அடுத்து பூசுதல், கடைசியில் வழியுணவு. முதலாவதற்கு எல்லோரும் அறையை விட்டு வெளியே போகவேண்டும். மகளும் மருமகளும் கட்டிலைப் பிடித்துக்கொண்டு நின்றால் அவர் என்ன பேசுவார்? விழுங்கமுடியாதவருக்கு ஒரு துணுக்கை ஒரு வாய் தண்ணீரோடு கொடுக்கலாம்.

வீட்டில் என்றால் ஒரு சின்ன மேசை, வெள்ளைத் துணி, பாடுபட்ட சுரூபம் (சிலுவையில் தொங்கும் இயேசுவின் உருவம்), இரண்டு மெழுகுதிரி, தீர்த்தம் போதும். தீவிர சிகிச்சைப் பிரிவில் இது எதுவும் முடியாது. நெற்றியிலும் கைகளிலும் பூச ஒரு நிமிடம் ஆகும், அதற்கு மருத்துவர்கள் பெரும்பாலும் தடை சொல்வதில்லை. நோயாளியின் சட்டைப்பையில் பங்குச்சாமியார் தொலைபேசி எண்ணை எழுதி வைத்திருக்கும் ஒரு வாத்தியாரை எனக்குத் தெரியும். மருந்துச் சீட்டுக்குப் பின்பக்கம்.

சாமியார் வராவிட்டால்

சாலை விபத்து. நடுக்கடல். நள்ளிரவு மாரடைப்பு. குரு இல்லை. அவ்வளவுதானா?

இல்லை. இதற்காகத்தான் பழைய ஞானோபதேசம் மனஸ்தாபத்தை, அதாவது செய்த பாவத்துக்காக மனம் வருந்துவதை, இரண்டாகப் பிரித்துச் சொல்லிக்கொடுத்தது. நரகத்துக்குப் பயந்தோ பாவத்தின் அருவருப்பாலோ வருந்துவது அடிமை மனஸ்தாபம். பாவசங்கீர்த்தனத்துக்கு வர இதுவும் போதும். கடவுளை நேசிப்பதால், அந்த அன்புக்கு இப்படிச் செய்துவிட்டோமே என்று வருந்துவது உத்தம மனஸ்தாபம். வாய்ப்புக் கிடைத்ததும் பாவசங்கீர்த்தனம் செய்வேன் என்ற உறுதியோடு சேர்ந்த உத்தம மனஸ்தாபம் சாவான பாவத்தையும் போக்கும்.

நாம் சின்ன வயதில் கிளிப்பிள்ளையாய் ஒப்பித்த மனஸ்தாப மந்திரத்தின் முதல் வரியைக் கவனித்திருக்கிறீர்களா? தேவரீர் அளவில்லாத சகல நன்மைச் சுரூபியாய் இருக்கிறபடியினாலே என்று ஆரம்பிக்கிறது. காரணமாக நரகத்தை முன்வைக்காமல் நேரே அன்புக்குப் போகிறது. உத்தம மனஸ்தாபத்தின் இலக்கணமே அந்த வரிக்குள் இருக்கிறது, நமக்குத்தான் யாரும் நிறுத்திச் சொல்லவில்லை. ஆபத்தில் கிடப்பவரின் காதில் இதைச் சொல்ல யாராலும் முடியும், குருவாக இருக்கவேண்டியதில்லை.

வரப்புத் தகராறு

விளக்கம் எல்லாம் சரி, தினமும் என்ன செய்வது? இரவு படுக்கும்முன் அன்றைய நாளை ஐந்து நிமிடம் திரும்பிப் பார்ப்பது ஆத்தும சோதனை. செபமாலை சொல்பவர், எங்கள் மரண நேரத்திலும் வேண்டிக்கொள்ளும் என்று முடியும் அருள்நிறை மரியே செபத்தை 53 முறை சொல்கிறார், அதாவது தம் மரண நேரத்தை ஒரே நாளில் 53 முறை வாய்விட்டுச் சொல்கிறார். திருநீற்றுப் புதனன்று நெற்றியில் சாம்பலோடு வீட்டுக்கு வருகிறோம். நினைவூட்டல்களுக்குக் குறைவில்லை.

குறைவு வேறு இடத்தில். ஊருக்கெல்லாம் நல்லவர், கோயில் கமிட்டியில் இருப்பவர், கூடப்பிறந்த தம்பியோடு பதினெட்டு வருடமாகப் பேச்சில்லை. காரணம் ஒரு முழ அகல வரப்பு. எங்கள் உறவிலேயே இப்படி இரண்டு பேர் இருந்தார்கள். அண்ணன் வரப்பைத் தன் பக்கம் சேர்த்து உழுதவர், அது அவருக்கும் தெரியும். பாவசங்கீர்த்தனத்தில் சொல்லியும் இருப்பார். ஆனால் எடுத்ததைத் திருப்பிக் கொடுப்பது மனம் திரும்புவதில் ஒரு பகுதி என்பதை அந்த வீட்டில் யாரும் பேசவில்லை. அடகு வைத்துக்கொண்டு மீட்டுத் தராத நகை, எழுதிக் கொடுக்காத பங்கு, திருப்பாத கைமாற்று ஆகியவை எல்லாம் இந்தக் கணக்கில்தான். நல்மரணத்துக்கு நவநாள் (ஒன்பது நாள் செபம்) சொல்வதைவிட இது கடினம். அதனால்தான் நவநாள் சொல்லிவிடுகிறோமோ என்று எனக்குச் சந்தேகம் உண்டு.

அந்த அண்ணன் படுத்த படுக்கையான பிறகு தம்பியை வரச் சொன்னார். தம்பி வந்து கட்டிலின் கால்மாட்டில் நின்றார். வரப்பைப் பற்றி இருவரும் ஒரு சொல்லும் பேசவில்லை. "சாப்பிட்டாயா?" என்று அண்ணன் கேட்டார். மறுவாரம் அவர் மகன் கயிறும் அளவுகோலும் எடுத்துக்கொண்டு வயலுக்குப் போனான்.

நவம்பர் 2

போனவர்களுக்கு நாம் இன்னும் ஏதாவது செய்யமுடியுமா என்பதற்குத் திருச்சபையின் பதில், முடியும். விவிலியத்தின் மக்கபேயர் இரண்டாம் நூலில் (அதிகாரம் 12) யூதத் தளபதி யூதா மக்கபே போரில் இறந்தவர்களுக்காகப் பலி ஒப்புக்கொடுக்கப் பணம் திரட்டி எருசலேமுக்கு அனுப்புகிறார். பிரான்சின் க்ளூனி மடத்தின் தலைவர் ஓதிலோ ஏறத்தாழ கி.பி. 998இல் தம் மடங்களில் நவம்பர் 2ஐ இறந்தோர் நினைவு நாளாக வைத்தார், அது பரவி இன்று கல்லறைத் திருநாள் ஆகியிருக்கிறது. முதல் நாளே கல்லறைக்குச் சுண்ணாம்பு அடித்து, புல் செதுக்கி, செவ்வந்தி மாலை போட்டு, இருட்டிய பிறகு மெழுகுதிரி ஏற்றி வைப்போம். காற்றில் அணையும் திரியைப் பக்கத்துக் கல்லறைத் திரியிலிருந்து மறுபடி ஏற்றுவோம். சாமியார் தீர்த்தம் தெளித்துக்கொண்டே வரிசையாக வருவார்.

இறந்தவருக்காக ஒப்புக்கொடுக்கும் பூசைக்குத் தரும் காணிக்கையை மோட்சத்துக்குக் கொடுக்கும் லஞ்சம் என்று கிண்டல் செய்பவர்கள் உண்டு. பூசைக்கு விலை கிடையாது, ஏழைக்குக் காணிக்கை இல்லாமலும் ஒப்புக்கொடுக்கிறார்கள். கண் கூசி நிற்பவருக்குப் பக்கத்தில் ஒரு கை இருப்பது போலத்தான் இந்த வேண்டுதல். பாட்டியைக் கூட்டிக்கொண்டு நடந்தவர்கள் அவருக்காகப் பார்க்கவில்லை, விழாமல் பிடித்துக்கொண்டார்கள்.

பெரியம்மாவுக்கு மூன்று வருடங்களுக்கு முன் இதய அறுவை. நாள் குறித்துக் கொடுத்த அன்றே, "சாமியாரை வரச் சொல், இப்போதே சொல்" என்றார். அறுவைக்கு முந்தின நாள் சாயங்காலம் வந்தார். எங்கள் எல்லோரையும் பெரியம்மா கையாலேயே விரட்டிக் கதவைச் சாத்தினார். திண்ணையில் இருபது நிமிடம் உட்கார்ந்திருந்தோம். கதவு திறந்த பிறகு நெற்றியிலும் இரண்டு உள்ளங்கையிலும் எண்ணெய். நன்மை வாங்கி, கண்ணை மூடிச் சற்று நேரம் இருந்தார். சாமியார் பையைத் தோளில் மாட்டி எழுந்ததும், "காபி குடிக்காமல் போகக் கூடாது" என்று சொல்லி அடுக்களைக்குப் போனார். உள்ளங்கை வழுக்கியதால் டம்ளரை முந்தானையால் சுற்றிப் பிடித்துக்கொண்டு வந்தார்.